பதினேழாம் எண் தகடு

மார்ச் 3

தம்பி,

உன் கடிதம் வந்தது. யாரோ வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 'மதிப்பிற்குரிய விண்ணப்பதாரர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'தாங்கள்', 'தங்களது' என்று நாலு தடவை போட்டு, கீழே முத்திரை குத்தி, 'நுழைவாயில் அலுவலர்' என்று கையெழுத்து வேறு. பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட வாய் அது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தெருவில் உருண்டவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டவளுக்கு முத்திரை குத்திய கடிதமா?

சரி. நீ அலுவலர், நான் விண்ணப்பதாரர். அப்படியே பேசுவோம்.

நான் கேட்டது இது: பூங்கா திறக்கும் முதல் நாள், மே 2, ஒரே ஆள் கால் நீட்டி உட்காரும் கயாக்கில், தனியாக, நான்கு ஏரிகளும் போய்த் திரும்ப மூன்று நாள் அனுமதி. நீ சொன்னது: ஒன்பதாம் விதிப்படி மறுக்கப்படுகிறது. காரணம், போன அக்டோபரில் உள்ளே போகும்போது நான் தகட்டைத் திருப்பவில்லையாம். அதனால் நான் உள்ளே இருந்ததே அலுவலகத்துக்குத் தெரியாதாம். அதனால்தான் தேடி யாரும் வரவில்லையாம். இப்படிச் செய்தவர்களுக்கு இனி ஆயுசுக்கும் தனிப் படகு கிடையாதாம்.

என் காதில் பூ சுற்றாதே. பதினோரு வருடமாக அந்தப் பலகையைப் பார்க்கிறேன். படகுக்கு ஒரு தகடு, தகட்டுக்கு ஒரு ஆணி. உள்ளே போகும்போது சிவப்புப் பக்கம், வெளியே வந்ததும் வெள்ளைப் பக்கம், அவரவர் கையால் திருப்ப வேண்டும். சொன்ன நாள் இருட்டிய பிறகும் சிவப்பாகத் தொங்கினால் மறுநாள் காலை தேடும் படகு கிளம்பும். குழந்தைக்கும் புரிகிற சட்டம். திரும்பி வரும்போது நான் மறப்பேன், ஒத்துக்கொள்கிறேன். பசியில் நேராக உன் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் அடுப்படிக்கு ஓடி 'டீ எங்கடா?' என்று கத்துவேன். ஆனால் போகும்போது மறந்ததே கிடையாது. இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவள் நான். கதவு மூடாமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன். புதன் மதியம் மூன்றாம் ஏரிக்கும் நான்காம் ஏரிக்கும் நடுவிலுள்ள ஓடையில் என் கையும் போயிற்று, படகும் போயிற்று. வியாழன் மாலை நான் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வெள்ளி காலை நீங்கள் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல், மீன் கணக்கெடுக்க வந்த இரண்டு பேர் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பாறை மேல் உட்கார்ந்து உன் மோட்டார் படகின் சத்தம் கேட்கிறதா கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அதை மறக்கச் சொல்லாதே.

இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. மிச்சம் எட்டு இருக்கிறது. துடுப்புப் பிடிக்க எட்டு போதும். அனுமதியை அனுப்பு.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர், உன் அக்காவும்கூட


மார்ச் 11

அக்கா,

கோபப்படாதே. அந்தக் கடிதம் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பது. பெயரையும் விதி எண்ணையும் மட்டும்தான் நாங்கள் நிரப்புகிறோம். பூங்காவின் அச்சில் எல்லோருக்கும் 'தாங்கள்'தான், போன வருடம் நாயைக் கூட்டிவந்தவனுக்கும் 'தாங்கள்'தான்.

இங்கே போன் எடுக்காது என்பது உனக்குத் தெரியும். சாமான் வண்டியில் ஏறி டவுனுக்கு வந்து மூன்று முறை கூப்பிட்டேன். மருமகள் எடுத்து, "மாமா, அம்மா எழுத்துல குடுக்கச் சொல்றாங்க. போன்ல நீங்க மழுப்பிடுவீங்களாம்" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது. சரி, எழுதுகிறேன்.

விதி நான் போட்டது இல்லை. கண்காணிப்பாளர் அறிக்கை எழுதி, கோப்பை மூடி, மேலே அனுப்பிவிட்டார். மூடிய கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதைவிட ஒரு வழி சொல்கிறேன். மே மாதம் மூன்றாம் வாரம் ஒரு குழு வருகிறது. இரண்டு பேர் உட்காரும் திறந்த படகுகள். பின்னால் உட்கார்ந்து திசை பிடிக்க வாட்டசாட்டமான ஆட்கள் இருக்கிறார்கள். நீ முன் இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். இரண்டாம் ஏரி வரைதான் போவார்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உன் பெயரைச் சேர்த்துவிடட்டுமா?

உனக்கு ஐம்பத்தொன்பது வயதாகிறது. கை இன்னும் முழுசாக ஆறவில்லை. மருமகள் சொல்கிறாள், காலையில் சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிடம் ஆகிறதாம். அந்தக் கையோடு நான்கு ஏரியும், இரண்டு சுமைப்பாதையும்! படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் அரை மணி நேரம் நடக்கும் பாதைகள் அக்கா அவை. எனக்கே முட்டி கழன்றுவிடுகிறது.

பூங்கா மூடியிருக்கும் மாதங்களில் வேலை அதிகம். லைஃப் ஜாக்கெட்டுகளை எலி கடித்துவிட்டது. இருபத்துநாலை எண்ணி ஒதுக்கினேன். படகு அடுக்கும் சட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 19

தம்பி,

முன் இருக்கையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா? இருபத்தாறு வருடம் ஊரையே பின்னால் உட்காரவைத்து ஓட்டியவளைப் பார்த்து இதைச் சொல்ல உனக்கு நா எப்படி எழுந்தது? மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்களாமே. தொட்டிலில் போட்டு ஆட்டவும் ஆள் வைத்திருக்கிறீர்களா?

பொத்தான் பற்றி உன் மருமகள் சொன்னது போன மாதக் கதை. இப்போது மூன்று நிமிடம்தான். என் துடுப்பை அவள் அலமாரிக்கு மேல், பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். நடுவில் கழற்றிவிட்டால் இரண்டு துண்டாகிவிடும் துடுப்பு, அவளுக்கு வசதியாகப் போயிற்று. நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். மறுநாள் கட்டிலுக்கடியில் வைத்தாள். அதையும் எடுத்தேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்து, "அத்தை, அவகிட்ட சொல்லாதீங்க, காரைத் துடைக்கப் போறேன்னு சொல்லிட்டு உங்களை நீச்சல் குளத்துல விடறேன்" என்றார். தங்கமான பிள்ளை. வாரம் மூன்று நாள் போகிறேன். குளத்துக்காரர்களிடம் ஒரு பழைய பயிற்சிப் படகு இருக்கிறது. அதில் உட்கார்ந்து குளத்தின் நீளத்துக்குப் போய் வருகிறேன். நீந்துகிற குழந்தைகள் என்னைப் பார்த்தால் ஒதுங்கி வழி விடுகிறார்கள், பழைய பழக்கத்தில் ஹாரன் தேடுகிறது கை.

பிடி மட்டும் நழுவியது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் துடுப்பைக் கொண்டுபோனேன். "கை இதுக்குள்ள போகணும், ஆனா மாட்டிக்கக் கூடாது" என்றேன். அவர் என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தோலில் ஒரு வளையம் தைத்து, துடுப்பில் சின்ன ஆணிகள் வைத்து அடித்துக் கொடுத்தார்.

அவர் ஆணி அடித்த சத்தத்தில்தான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் பக்கத்துப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னிடம் கேட்க எனக்கு வாய் வேண்டும்.

பாறை இடுக்கில் கை மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், உங்கள் கண்காணிப்பாளரிடமும் சொன்னேன். பாறை இல்லை. கயிறு. அந்த ஓடையில் தண்ணீர் சரிந்து இறங்குகிறது, உட்கார்ந்து போக முடியாது. படகைக் கயிற்றில் கட்டி, கரையில் நடந்தபடியே மெல்ல மெல்ல இறக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, உள்ளங்கையில் பிடிக்க வேண்டும், இழுத்தால் விட்டுவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களை நிறுத்திவைத்து நானே இதை எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! அன்றைக்குக் கை குளிரில் மரத்திருந்தது. இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரே ஒரு சுற்று. படகில் தண்ணீர் நிரம்பி, வெட்டி இழுத்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, பாறை மேல் பழியைப் போட்டேன். இந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர், கண்காணிப்பாளரிடம் காட்டு, எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது ஆணிக்கு வருகிறேன். அக்டோபரில் நான் உள்ளே போன செவ்வாய்க்கிழமை காலை. பதினேழாம் எண் தகட்டைத் திருப்பினேன், ஆணி ஆடி, தகடு கழன்று கீழே விழுந்து, பெஞ்சுக்கடியில் உருண்டது. மண்டிபோட்டு எடுத்தேன். நீ அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப்பார்த்தாய். முட்டை கருகிக்கொண்டிருந்தது. "அக்கா, அந்த ஆணிக்கு வயசாயிடுச்சு, உன்னை மாதிரி" என்றாய். "ஆணியை மாத்து, என்னை மாத்த முடியாது" என்றேன். நீ சிரித்தாய். நான் தகட்டை மாட்டினேன். சிவப்புப் பக்கம் உன்னைப் பார்த்துத் தொங்கியது.

நீ பார்த்தாய் தம்பி. அப்படியிருக்க அறிக்கையில் எப்படி வந்தது, நான் திருப்பவில்லை என்று?

அக்கா


மார்ச் 27

அக்கா,

கயிற்றைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதை நான் கோப்பில் சேர்க்கப் போவதில்லை. சேர்த்தால் அதற்கும் ஒரு விதி இருக்கும்.

ஆணியை மாற்றிவிட்டேன். பித்தளை, ஆடாது.

மற்றதை விடு அக்கா. எது எப்போது எந்தப் பக்கம் தொங்கியது என்று ஐந்து மாதம் கழித்துத் தோண்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? உன் விரல் திரும்பி வரப்போகிறதா? நீ பிழைத்து வந்தாய், அது போதும் என்று நான் இருக்கிறேன். நீதான் ஒற்றைக் காலில் நிற்கிறாய். உனக்கு என்ன, படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாய். இங்கே உட்கார்ந்து அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை என்னவென்று தெரியுமா? சாயங்காலம் ஆக ஆக ஒவ்வொரு தகடாகப் பார்க்க வேண்டும். காற்றடித்தால் பயம், மழை வந்தால் பயம். நீ மறுபடி போய், மறுபடி வராவிட்டால் நான் என்ன செய்வேன்? மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அனுமதி தர முடியாது. அலுவலராகவும் சொல்கிறேன், தம்பியாகவும் சொல்கிறேன்.


ஏப்ரல் 2

தம்பி,

சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, யார் உடைத்தது என்று அப்பா கேட்டபோது நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? பொய் சொல்லவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அடி எனக்கு விழுந்தது.

இப்போதும் கூரையைத்தான் பார்க்கிறாய்.

யார் அந்தத் தகட்டை வெள்ளைக்குத் திருப்பியது? இதற்குப் பதில் வராமல் இனி உனக்கு ஒரு வரிகூட எழுத மாட்டேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மே 2 காலை படகோடு வாசலில் நிற்பேன். பூட்டுப் போட்டுக்கொள், போலீசைக் கூப்பிட்டுக்கொள், உன் இஷ்டம்.


ஏப்ரல் 16

அக்கா,

இரண்டு சாமான் வண்டிகளைக் கடிதம் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது, கிழிக்க மாட்டேன்.

நான்தான் திருப்பினேன்.

வியாழக்கிழமை மாலை. பள்ளி ஆசிரியர்கள் குழு ஒன்று திரும்பி வந்திருந்தது, ஒன்பது படகு. ஒரே கூச்சல். அவர்கள் படகுகளைத் தூக்கிவைக்க உதவிக்கொண்டிருந்தேன். மழை தூற ஆரம்பித்தது. நீ எப்போதும் உன் படகைக் கவிழ்த்துவைக்கிற இடத்தில், அந்த வளைந்த மரத்துக்குக் கீழே, உன்னுடையது போலவே ஒரு சிவப்புக் கயாக் கவிழ்ந்து கிடந்தது. அது அவர்களில் ஒருத்தருடையது. கிட்டே போய்ப் பார்க்கவில்லை. 'அக்கா வந்துட்டா' என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குள் வந்தால் பதினேழு சிவப்பாகத் தொங்குகிறது. வழக்கம்போல மறந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே திருப்பினேன். ஏழு வருடமாகத் திருப்புகிறேன். கை தானாகவே போயிற்று. கெட்டிலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளர் எடுத்துவைத்தேன். நீ வரவில்லை. கடைசிப் பேருந்துக்கு ஓடியிருப்பாய் என்று நினைத்து நானே குடித்தேன். மறுநாள் எனக்கு விடுமுறை. பகல் முழுக்கத் துணி துவைத்தேன், சைக்கிளைக் கழற்றி எண்ணெய் போட்டேன். நீ பாறை மேல் உட்கார்ந்து என் படகுச் சத்தத்துக்குக் காத்திருந்த அதே வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மீன் கணக்கெடுக்கிறவர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். 'அம்மா ஒருத்தர், கையில அடி, நினைவு இருக்கு, உங்களைத் திட்டறாங்க' என்றார்கள். நீதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை. உன் டம்ளர் காலியாக அங்கேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருமகளிடம் சொன்னதைக் கேட்டேன். நடையில் தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. "ஒரு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா மோதிர விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். ஒரு நாள். அது என் கையில் இருந்த நாள்.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் வந்தார். "தகடு வெள்ளையா இருந்துச்சா?" என்றார். "ஆமா சார்" என்றேன். "அப்போ அவங்க போகும்போது திருப்பாம போயிருக்காங்க, அப்படித்தானே?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். நீ எழுதியிருந்தாயே, அப்படியேதான். அவர் எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று ஐந்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் உன் கையெழுத்தில் வந்ததும் அச்சடித்த காகிதத்தை எடுத்து நிரப்பினேன். உன் உயிருக்குப் பயந்து மறுத்தேன் என்று சொன்னது பாதி உண்மை. நீ வந்து அந்தப் பலகை முன்னால் அந்தக் கையோடு நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அது மீதிப் பாதி.

மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதக் கையும் வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

படித்தேன். சமையலறையில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். நாலாவது முறை படிக்க முடியாமல் கண்ணை மறைத்தது.

ஆணி நினைவுக்கு வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். என் தகட்டில் கைவைக்கிற ஆட்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ஒன்று நான், இன்னொன்று நீ. நான் கேட்டது தெரிந்துகொள்ள இல்லை. நீயாகச் சொல்வாயா என்று பார்க்கத்தான்.

பரவாயில்லை என்று சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. பரவாயில்லை இல்லை. சிக்னலில் நிற்கும்போது அந்த மோதிர விரலால் ஸ்டீயரிங் மேல் தாளம் போடுவேன். எனக்கு அது வேண்டும். அதைவிட மோசம் அந்த அறிக்கை. கவனக்குறைவான கிழவி என்று என் தலையில் கட்டி, முத்திரை குத்தி, எனக்கே தபாலில் அனுப்பினாயே! கண்ணெதிரே இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். ஐம்பத்துநாலு வயதுக்காரன் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை மறைக்கப் போவதில்லை. ஏழு வருடம் நீ என் தகட்டைத் திருப்பினாய், ஏழு வருடம் நான் திருப்பவிட்டேன். 'அவன் பாத்துப்பான்' என்று டீ கேட்டுக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். உன் கைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவள் நான்தான். கயிற்றைச் சுற்றிய விரலும் என்னுடையது. சுண்டுவிரல் என் கணக்கு. மோதிர விரலை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு நகக்கண் அளவுகூடத் தள்ளுபடி தர மாட்டேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. எனக்கு எழுதியதைக் கண்காணிப்பாளருக்கு எழுது. என் கயிற்றுக் கடிதத்தையும் சேர்த்து வை. அந்தக் கோப்பில் இரண்டு பேருடைய உண்மையும் இருக்கட்டும். வேலை போகும் என்று பயந்தால் பயந்துகொண்டே எழுது. நானும் பயந்துகொண்டுதான் நீச்சல் குளத்தில் இறங்கினேன். முதல் நாள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நான் ஏன் மறுபடி போக வேண்டும் என்று உன் மருமகள் தினம் கேட்கிறாள். நீயும் மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாய். அந்தப் பாறையிலிருந்து என்னை இரண்டு பேர் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நல்லவர்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த ஏரியை நான் கடைசியாகப் பார்த்தது மல்லாந்து படுத்துக்கொண்டு. அப்படியே விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. நானே துடுப்புப் போட்டு நானே வெளியே வர வேண்டும். இவ்வளவுதான் காரணம். யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிகிறது.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

கொடுத்துவிட்டேன். இரண்டு கடிதத்தையும்.

கண்காணிப்பாளர் என் முன்னாலேயே படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு, "நீ வாயைத் திறந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. வேலை போகவில்லை. ஆனால் நுழைவாயிலில் இனி நான் இல்லை. பதினைந்து வருடம் உட்கார்ந்த நாற்காலியை முந்தாநாள் காலை வேறொரு பெண்ணிடம் கொடுத்தேன். என்னைப் பாதை வெட்டும் ஆட்களோடு போட்டுவிட்டார்கள். ரம்பமும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு உள்ளேயே கூடாரத்தில் தங்க வேண்டும். முதல் நாளே தோள் வீங்கிவிட்டது. ஆனால் சாயங்காலம் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு டம்ளர் நினைவு வராமல் தூங்கினேன்.

உன் மேல் இருந்த தடை எடுத்தாகிவிட்டது. அனுமதிச் சீட்டு இதனுடன். ஒரு நிபந்தனை: மே 2 காலை ஏழு மணிக்கு, கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருக்க, படகைத் தண்ணீரில் கவிழ்த்து, வெளியே வந்து, யார் உதவியும் இல்லாமல் திரும்ப ஏறிக் காட்ட வேண்டும். கயிற்றைச் சுற்றியவள் என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டதால் இது. நான் வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தேன். "அவங்க மாட்டேன்னு சொல்வாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

எங்கள் குழுவின் முதல் வேலை மூன்றாம் ஏரிக்கும் நான்காம் ஏரிக்கும் நடுவில். அந்த ஓடையைச் சுற்றிக்கொண்டு ஒரு புதுச் சுமைப்பாதை போடுகிறோம். இனி அங்கே யாரும் கயிறு பிடிக்க வேண்டியதில்லை. நீ வருவதற்குள் முடித்துவிடுவேன். அந்தப் பாதையில் போ அக்கா. இது அலுவலர் சொல்வது இல்லை.

தம்பி


மே 2, செவ்வாய், காலை 8.10
நுழைவாயில் அலுவலகத்தில் கொடுத்துவைக்கும் கடிதம்

தம்பி,

நீ வியாழக்கிழமை சாமான் எடுக்க வெளியே வருவாயாம், புது அலுவலர் சொன்னாள். அப்போது இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கவிழ்த்துக் காட்டினேன். முதல் தடவை முடியவில்லை. தோல் வளையம் ஊறி இறுகிவிட்டது, கையை உருவுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. கண்காணிப்பாளர் கரையில் பதறி எழுந்து, "போதும்மா, போதும்" என்றார். "நீங்க உக்காருங்க சார்" என்றேன். கத்தி வாங்கி வளையத்தை அறுத்து அவர் கையில் கொடுத்தேன். மூன்று விரலில் பிடித்துக்கொண்டு மறுபடி கவிழ்ந்தேன். ஏறினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் கவிழ்ந்து ஏறினேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் மருமகள் கரையில் நின்று அழுதாள், பிறகு கை தட்டினாள். அம்மாவின் துடுப்பை ஒளித்துவைத்தவள் இன்று அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள்.

படகு இந்த முறை மஞ்சள். சிவப்புப் படகு ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது.

தகடு சிவப்பு. என் கையால் திருப்பினேன். புது ஆணி உறுதியாக இருக்கிறது. வியாழன் இருட்டுவதற்குள் வருவேன், நானே வெள்ளைக்குத் திருப்புவேன். நீ முன்னாலேயே வந்துவிட்டால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நான் உன் எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் சரி, உன் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்தத் தகட்டைத் தொடாதே. நான் மறந்தால் தொங்கட்டும். தேடும் படகு கிளம்பட்டும். எல்லோர் முன்னாலும் எனக்கு அவமானம் ஆகட்டும். நீ தொடாதே.

அக்கா


மே 4, வியாழன், மாலை 4.50
அதே காகிதத்தின் பின்பக்கம்

நீ இன்னும் வரவில்லையாம், இதைத் திரும்ப வாங்கி எழுதுகிறேன். நீ வெட்டிய பாதையைப் பார்த்தேன். நன்றாக வெட்டியிருக்கிறாய், வளைவுகளில் கல்லும் பதித்திருக்கிறாய். திரும்பி வரும்போது அதில்தான் படகைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

போகும்போது ஓடையில் இறக்கினேன். கயிற்றை உள்ளங்கையில் பிடித்து, சுற்றாமல். அதே இடத்தில் வெடுக்கென்று இழுத்தது. விட்டேன். படகு தானாகவே இறங்கிப் போய் நான்காம் ஏரியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பாறை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சாப்பிட்டேன்.

பதினேழு வெள்ளை. நான் திருப்பினேன். விரல் எட்டும் பத்திரம்.

அடுப்படியில் இருக்கிறேன். டீ எங்கடா?